நாய கூட்டிட்டு ரோட்டுல எறங்கறதுக்கு முன்னாடி: பாலக்காடு, கோயம்புத்தூர் பார்டர்ல அபராதம் இல்லாம நாய் வளக்கறது எப்படி

லைசென்ஸ் இல்லாம நாய் வளத்தா 5000 ரூபா அபராதம்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்குது, அது நம்ம ஊருக்கானது இல்லைங்க, அத மொதல்லயே சொல்லிடறேன். அது சென்னை மாநகராட்சி போட்டது. 2025 கடைசில, லைசென்ஸ் எடுக்காம வீட்டு நாய் வளத்தா 5000 ரூபா அபராதம்னு சொல்லி, கடைசி தேதிய தள்ளி தள்ளி வெச்சு கொண்டு வந்தாங்க, இத்தனைக்கும் அந்த லைசென்ஸுக்கு வருசத்துக்கு 50 ரூபா தான் ஃபீஸ். அப்பறம் டிசம்பர்ல பிட்புல், ராட்வீலர் ரெண்டு ஜாதிக்கும் இனி புது லைசென்ஸே கிடையாது, மீறி வாங்கி வளத்தா 1 லட்சம்னு முடிவு எடுத்தாங்க. நாய் கடிச்சா ஓனருக்கு 10000 ரூபான்னு இன்னொரு மெசேஜ் வரும், அது டெல்லி பக்கத்துல நொய்டாக்காரங்க 2023 மார்ச்ல இருந்து வெச்சிருக்கறது. இதெல்லாத்தையும் ஒண்ணா கலக்கி, ஊர் பேர எடுத்துட்டு ஒருத்தர் ஃபார்வர்ட் பண்ண, பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைல இருக்கறவரு அத படிச்சிட்டு நாய எங்கயாவது கொண்டு போய் விட்டுடலாமான்னு யோசிக்கறாரு. (விடாதீங்க. காரணமில்லாம நாய கைவிடறதும் குத்தம் தான், 1960 மிருகவதை தடுப்பு சட்டத்துல இருக்குது.)

அதுக்காக நம்ம பக்கம் சட்டமே இல்லன்னு நெனச்சிடாதீங்க. நகராட்சி, பஞ்சாயத்து போடற அபராதம் ஊருக்கு ஊரு மாறும், ஆனா அதுக்கு மேல ஒண்ணு இருக்குது, அது வாளையாறு பார்டருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒண்ணு தான். நாடு முழுக்க இருக்கற தண்டனை சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா, அதோட 291வது பிரிவு. உங்க கையில இருக்கற மிருகத்தால அடுத்தவங்களுக்கு ஆபத்து வராம பாத்துக்கலேன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி 5000 ரூபா வரைக்கும் அபராதம், இல்லாட்டி ரெண்டும். அதுக்கு முன்னாடி இருந்த பழைய தண்டனை சட்டம் ஐபிசில இதே தான் 289ன்னு இருந்துச்சு, அப்ப அபராதம் 1000 தான், 2024 ஜூலை 1ல இருந்து 5000 ஆயிடுச்சு. இந்த தொகைய உங்ககிட்ட ரோட்டுல வெச்சு யாரும் வாங்க முடியாது, கோர்ட்டு தான் போடணும், அத மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேலைக்கு ஆகும். 2024 மே மாசம் சென்னை நுங்கம்பாக்கம் பார்க்ல ரெண்டு ராட்வீலர் 5 வயசு கொழந்தைய கடிச்சு கொதறுச்சே, அந்த ஓனர் மேல போட்டதும் அந்த பழைய 289 தான். நாய் கடிச்சா தான் இந்த கேஸ்னு இல்ல, கடிக்கற அளவுக்கு நீங்க அசட்டையா விட்டிருந்தாலே போதும். இதுக்கும் மேல கடிபட்டவங்க ஆஸ்பத்திரி செலவு, நஷ்டஈடுன்னு சிவில்ல தனியா கேக்கலாம், அதுக்கு 5000ன்னு மேல்வரம்பு எல்லாம் கிடையாது.

அதனால லீஷ்ங்கறத, அதாவது நாய பிடிச்சு கூட்டிட்டு போற கயித்த, அபராதத்துக்கு பயந்து மாட்டற சாமானா பாக்காதீங்க. பிரச்சனைன்னு ஒண்ணு வந்துச்சுன்னா "நான் கவனமா தான் வெச்சிருந்தேன்"னு காட்டறதுக்கு உங்ககிட்ட இருக்கற சாட்சி அதுவும் தடுப்பூசி கார்டும் தான்.

எந்த ஊரு லைசென்ஸ்

பார்டர்ல இருக்கறவங்களுக்கு இது தான் பெரிய கொழப்பம். வீடு வேலந்தாவளத்துல, வேலை கோயம்புத்தூர்ல, சனி ஞாயிறு பொள்ளாச்சில மாமியார் வீடு, நாயும் கூடவே போயிட்டு வரும். லைசென்ஸ் எங்க எடுக்கறது? நாய் எங்க ராத்திரி தூங்குதோ அங்க. லைசென்ஸ் குடுக்கறது மாநில அரசு இல்ல, அந்தந்த பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சி. கேரளா பஞ்சாயத்து லைசென்ஸ காட்டி கோயம்புத்தூர் மாநகராட்சிக்குள்ள வீடு எடுத்து நாய் வளக்க முடியாது, அங்க குடி மாறினா அங்க புதுசா எடுக்கணும். ஆனா ரெண்டு நாளைக்கு விருந்துக்கு போறதுக்கெல்லாம் ரெண்டாவது லைசென்ஸ் எடுக்க ஓட வேண்டாம், கைல தடுப்பூசி கார்டும் நம்ம ஊரு லைசென்ஸும் இருந்தா பேசி புரிய வெக்கலாம். வெறிநாய்க்கடி தடுப்பூசி கார்டு மட்டும் எந்தப்பக்கம் போட்டாலும் எங்கயும் செல்லும், டாக்டர் கையெழுத்து, சீல், தேதி, மருந்து பாட்டிலோட ஸ்டிக்கர் இதெல்லாம் இருந்தா.

கேரளா பக்கம் லைசென்ஸ் விஷயம் நேத்து வந்தது கிடையாது. பன்னிக்கும் நாய்க்கும் லைசென்ஸ் எடுக்கணும்னு பஞ்சாயத்துராஜ் ரூல் 1998லயே போட்டாச்சு. யாரும் கண்டுக்கல, அது தான் உண்மை. 2021 ஜூன்ல திருவனந்தபுரம் பக்கம் அடிமலத்துறைல புரூனோன்னு ஒரு லாப்ரடார அடிச்சே கொன்னாங்க, அந்த வீடியோ பரவி ஹைகோர்ட்டு தானாவே கேஸ் எடுத்துச்சு, கேஸுக்கு அந்த நாய் பேரையே வெச்சாங்க. அதுல தான் வீட்டு நாய் எல்லாத்தையும் உள்ளாட்சில பதிவு பண்ணணும், 6 மாசத்துக்குள்ள லைசென்ஸ் எடுக்கணும்னு உத்தரவு வந்துச்சு. அடுத்த வருசம் நாய்க்கடி சாவு ஒண்ணு பின்னால ஒண்ணா நியூஸ்ல வரவும் வார்டு வார்டா கேம்ப் போட்டு ஊசி போட்டு லைசென்ஸ் குடுத்தாங்க. அப்ப எடுத்தவங்க நெறைய பேரு அதோட விட்டுட்டாங்க. வருசா வருசம் புதுப்பிக்கணுங்க, 2022ல எடுத்த பேப்பர இப்ப காட்டினா அது வெறும் பேப்பர் தான்.

எடுக்கற வழி ஒண்ணும் கஷ்டம் இல்ல. மொதல்ல நாய மாட்டாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரியே போதும், தனியார் டாக்டர்கிட்ட தான் போகணும்னு இல்ல. குட்டியா இருந்தா 3 மாசம் முடியணும், அப்ப தான் வெறிநாய் ஊசி போடுவாங்க, அப்பறம் டாக்டர் சொல்ற தேதிக்கு ஒரு பூஸ்டர், அதுக்கப்பறம் வருசம் ஒண்ணு. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அந்த வாக்குல நெறைய எடத்துல இலவசமா போடுவாங்க, காத்திருக்க முடிஞ்சா காத்திருங்க, ஆனா ஊசி தேதி அதுக்கு முன்னாடியே வருதுன்னா காச பாக்காதீங்க. சர்டிஃபிகேட்ட வாங்கறப்பவே நாயோட நெறம், வயசு, ஆணா பொண்ணா எல்லாம் சரியா எழுதியிருக்காங்களான்னு அங்கயே நின்னு பாருங்க. "செவல நாட்டு நாய்"ங்கறதுக்கு பதிலா "மிக்ஸ்ட், பிரவுன்"னு எழுதி, உங்ககிட்ட ரெண்டு செவலை இருந்தா, எந்த பேப்பர் எந்த நாய்க்குன்னு அப்பறம் உங்களுக்கே தெரியாது. அத எடுத்துட்டு, உங்க ஆதார், நாயோட ஒரு போட்டோ, நேரா பஞ்சாயத்து ஆபீஸ், இல்லாட்டி அக்ஷயா சென்டர் (தமிழ்நாட்டு இ-சேவை மையம் மாதிரி). ஃபாரம் மலையாளத்துல இருக்கும், நமக்கு பேச வர்ற அளவுக்கு எழுத வராது, அக்ஷயால உக்காந்திருக்கற பொண்ணுங்க நம்ம ஏரியால தமிழும் பேசுவாங்க, அவங்களே நிரப்பி தருவாங்க. டவுன்ல இருக்கறவங்க, அதாவது பாலக்காடு, சித்தூர் தத்தமங்கலம் பக்கம்னா நகராட்சி ஹெல்த் செக்‌ஷன். ரசீத வாங்கின ஒடனே போட்டோ எடுத்து ஃபோன்ல வெச்சுக்குங்க, வீட்டுல இன்னொருத்தருக்கும் அனுப்பிடுங்க, ஏன்னா நாய கூட்டிட்டு போறது பெரும்பாலும் நீங்களா இருக்க மாட்டீங்க, பையனா இருக்கும்.

லீஷ் எது, எப்படி

நம்ம ஊரு கடைல நாய் சங்கிலி கேட்டா மாடு கட்டற சங்கிலிக்கு தம்பி மாதிரி ஒண்ண எடுத்து குடுப்பாங்க. வேண்டாம். மிருகவதை சட்டத்துல தெளிவா இருக்குது, ரொம்ப கனமான சங்கிலி, ரொம்ப குட்டையான கயிறு, இதுல ரொம்ப நேரம் கட்டி வெச்சா குத்தம். எப்பவும் கட்டியே போட்டிருக்கற நாய நடக்க கூட்டிட்டு போகலேன்னாலும் குத்தம். மொத தடவைக்கு அபராதம் 10 ரூபால இருந்து 50 ரூபா வரைக்கும், 1960ல எழுதினத இன்னும் மாத்தல, சிரிப்பு தான் வருது. ஆனா தொகை சின்னதுங்கறதுக்காக நாய் கழுத்து புண்ணாகறத விட்டுட முடியுமா.

நடக்க கூட்டிட்டு போறதுக்கு நாலுல இருந்து ஆறு அடி நைலான் லீஷ் போதும், கொக்கி மட்டும் நல்ல கெட்டியா இருக்கணும். அழுத்தினா நீளமா உருவிட்டு போகுமே, அந்த மிஷின் மாதிரி லீஷ், அது பார்க்கு மைதானத்துக்கு செரி, நம்ம ரோட்டுக்கு ஆகாது. பதினஞ்சு அடி நீளத்துல நாய் ரோட்டுக்கு அந்தப்பக்கம் நிக்கும், நீங்க இந்தப்பக்கம், நடுவுல டூவீலர் வர்றவன் கயித்த பாக்க மாட்டான். அப்படி ஒருத்தன் விழுந்தா லீஷ் இருந்துச்சேன்னு நீங்க சொல்லி பிரயோஜனம் இல்ல. கழுத்துப்பட்டைக்குள்ள ரெண்டு விரல் போற அளவுக்கு எடம் இருக்கணும், அதுக்கு மேல லூசா இருந்தா நாய் பின்னால இழுத்து தலைய உருவிக்கும், நாட்டு நாய்ங்களுக்கு தலை சின்னது கழுத்து தடிப்பு, ஈசியா உருவிடும். அந்த மாதிரி நாய்க்கு, இழுக்கற நாய்க்கும், நெஞ்சோட சேத்து மாட்டற ஹார்னஸ் வாங்குங்க.

லீஷோட வளையத்த கட்டை விரல்ல மாட்டி உள்ளங்கைல மடிச்சு பிடிங்க. மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்கறாங்க நெறைய பேரு, நாய் பூனைய பாத்து பாஞ்சா மணிக்கட்டே பிசகும். டூவீலர்ல உக்காந்துட்டு ஒரு கைல லீஷ பிடிச்சு நாய ஓட விடறது நம்ம பக்கம் ஒரு ஃபேஷனாவே இருக்குது, கனால் ரோட்டுல காலைல பாத்தா தெரியும். அத செய்யற ஆளப் பாத்தா எனக்கு வாயில நல்ல வார்த்தை வராது. நாய்க்கும் ஆபத்து, அவனுக்கும் ஆபத்து, எதிர்ல வர்றவனுக்கும் ஆபத்து. அதே மாதிரி 10 வயசு பையன் கைல 30 கிலோ நாய குடுத்து அனுப்பாதீங்க. கைல லீஷ் இருக்குது, ஆனா கண்ட்ரோல் யாருகிட்ட இருக்குதுன்னு பாத்தா நாய்கிட்ட. நாய தடுத்து நிறுத்தற அளவுக்கு பலம் இருக்கற ஆள் தான் பிடிக்கணும், அது தான் அளவு.

வாய்க்கூடு மாட்ட சொல்றாங்களே, அது எல்லா நாய்க்கும் தேவையான்னு கேட்டா, இல்ல. ஆள பாத்து பாயற நாய், முன்னாடி ஒரு தடவை கடிச்ச நாய், ராட்வீலர் மாதிரி பெரிய ஜாதி, இதுக்கெல்லாம் கூட்டத்துக்குள்ள போறப்ப கண்டிப்பா மாட்டுங்க. துணில தைச்சு வாய இறுக்கி கட்டறது இருக்குதே, அது டாக்டர்கிட்ட ஊசி போடற அஞ்சு நிமிசத்துக்கு மட்டும் தான். நாய்க்கு நம்மள மாதிரி ஒடம்பெல்லாம் வேர்க்காது, வாய தொறந்து மூச்சு விட்டு தான் சூட்ட எறக்கும். மார்ச் ஏப்ரல்ல பாலக்காட்டுல 40 டிகிரி தாண்டற வெயில்ல வாய கட்டி கூட்டிட்டு போனா சுருண்டு விழுந்துடும். கூடை மாதிரி இருக்கறத வாங்குங்க, அதுல வாய தொறக்கலாம், தண்ணி கூட குடிக்கலாம். ஒரே நாள்ல மாட்ட பாக்காதீங்க, கூடைக்குள்ள ஒரு துண்டு ஈரல் வெச்சு அதுவாவே மூக்க விடட்டும், ஒரு வாரம் இப்படி பழக்கிட்டு அப்பறம் அதோட பெல்ட்ட மாட்டுங்க. வெயில் காலத்துல பொறங்கைய தார் ரோட்டுல வெச்சு பாருங்க, உங்களால வெச்சிருக்க முடியலேன்னா நாயாலயும் நடக்க முடியாது, பாதம் வெந்த நாய் யார் தொட்டாலும் கடிக்கும்.

தெரு நாய்ங்க கூட்டமா வந்து உங்க நாய சூழ்ந்தா என்ன பண்றது? இதுல தான் லீஷ கைவிட்டுடறாங்க. விடாதீங்க, விட்டா உங்க நாய் ஓடும், அதுங்க தொரத்தும், ரோட்டுல வண்டில விழும். ஓடவும் கூடாது. உங்க நாய முதுகுப்பக்கம் வெச்சுக்கிட்டு, அதுங்கள மொறச்சு பாக்காம, மெதுவா ஒதுங்குங்க. ஒரு கொடை கைல இருந்தா நல்லது, டப்புனு விரிச்சா பின்னாடி போயிடும். கல்லெடுத்து அடிக்காதீங்க, ஒரு நாய கொன்னாலோ ஊனமாக்கினாலோ அதே நியாய சன்ஹிதா 325வது பிரிவுல 5 வருசம் வரைக்கும் ஜெயில் இருக்குது, வீட்டு நாய் தெரு நாய்ங்கற வித்தியாசம் அதுல இல்ல.

ஒரு கவர் எடுத்துட்டு போங்க, நாய் ரோட்டுல ஆய் போனா அள்ளுங்க. அள்ளின கவர கனால்ல எறிஞ்சீங்கன்னா அது இன்னொரு அபராதம், குப்பை விஷயத்துல கேரளா உள்ளாட்சிக்காரங்க இப்ப ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு.

கேட்டும் தோட்டமும்

நான் கேள்விப்பட்ட சண்டைங்கள்ல பாதிக்கு மேல நடக்க கூட்டிட்டு போறப்ப வந்ததே இல்ல, வீட்டு வாசல்ல வந்தது. பால்காரர், கேஸ் சிலிண்டர், கரண்டு மீட்டர் பாக்க வர்றவரு, ஸ்விக்கி பையன். முக்கியமா ஹரித கர்ம சேனை அக்காங்க. மாசா மாசம் பிளாஸ்டிக் எடுக்க வீடு வீடா வர்றாங்க, கேட்டுக்கு வெளிய நின்னு "சேச்சி, பட்டி உண்டோ?"ன்னு (அக்கா, நாய் இருக்குதான்னு) கேப்பாங்க. நம்ம ஆளு உள்ள இருந்தே "ஒண்ணும் பண்ணாது, வாங்க"ம்பாரு. அந்த "ஒண்ணும் பண்ணாது" தான் ஸ்டேஷன்ல போய் நிக்கும். உங்கள ஒண்ணும் பண்ணாது, சாக்கு மூட்டையோட யூனிஃபார்ம்ல வர்ற புது ஆள என்ன பண்ணும்னு உங்களுக்கு எப்படி தெரியும்? அவங்க வர்ற நாள் தெரியும்ல, அன்னைக்கு காலைலயே கட்டிப்போடுங்க, இல்ல பின்கட்டுல விட்டு கதவ சாத்துங்க. கேட்டுல நாய் இருக்குதுன்னு ஒரு போர்டு மாட்டுங்க, தமிழ்லயும் மலையாளத்துலயும், அது கூட ஒரு காலிங் பெல் கேட்டுக்கு வெளிப்பக்கம். போர்டு மாட்டிட்டதால பொறுப்பு விட்டுப்போகும்னு நெனைக்கறவங்க இருக்காங்க, போகாது. ஆனா ஆள் உள்ள வராம பெல் அடிப்பாரு, நமக்கு வேண்டியது அது தான்.

தோட்டத்து நாய் கதை வேற. கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்கறவங்க எல்லாருகிட்டயும் ரெண்டு மூணு நாய் இருக்கும், பகல்ல கட்டிருக்கும், ராத்திரி அவுத்து விடுவாங்க, காவலுக்கு தானே. கம்பிவேலி இருந்தாலும் அடில ஒரு ஓட்டை இருக்கும், அது வழியா ராத்திரி ரோட்டுக்கு வரும், ஷிஃப்ட் முடிச்சு கஞ்சிக்கோட்டுல இருந்து பைக்ல வர்ற பசங்கள தொரத்தும். பைக் விழுந்தா கேஸ் யார் மேல? தோட்டம் பாக்கறவரு மேலயா, கேரளாவுல தோட்டம் வெச்சுட்டு கோயம்புத்தூர்ல குடியிருக்கற ஓனர் மேலயா? சட்டம் யார் கைவசம் நாய் இருக்குதுன்னு பாக்கும், அதனால சம்பளத்துக்கு இருக்கற பாவப்பட்ட மனுசன் மாட்டிக்குவாரு. தோட்டம் வெச்சிருக்கற மொதலாளிங்களுக்கு சொல்றேன், லைசென்ஸ உங்க பேர்ல எடுங்க, ஊசி காச நீங்க குடுங்க, வேலியோட அடிப்பக்கத்த கல்லு வெச்சு அடைக்க ஒரு நாள் கூலி குடுங்க. ஆம்பள நாய்ங்களுக்கு குடும்பக்கட்டுப்பாடு பண்ணிட்டா பொட்ட நாய் தேடி வேலிய தாண்டறது பெருசா கொறையும்.

இன்னொரு வகை இருக்குது, யாரோட நாயும் இல்லாத நம்ம நாய். வாசல்ல படுத்திருக்கும், மிச்ச சோறு போடுவோம், ஒரு பட்டையும் கட்டி விட்டிருப்போம். 2023ல வந்த மிருக கருத்தடை விதிகள்ல வீட்டு நாய் வேற, தெரு நாய் வேறன்னு பிரிச்சு தான் வெச்சிருக்குது, தெரு நாய்க்கு சோறு போடறதால மட்டும் நீங்க ஓனர் ஆயிட மாட்டீங்க. ஆனா பட்ட கட்டி, பேரு வெச்சு, மழைக்கு திண்ணைல படுக்க விட்டுட்டு, கடிச்சதுக்கப்பறம் "அது என் நாய் இல்ல"ன்னா தெருவே எதிர்ல நின்னு சாட்சி சொல்லும். ஒண்ணு முழுசா உங்க நாயாக்கி லைசென்ஸ் எடுங்க, இல்ல பட்டைய கழட்டிட்டு, ஊசியும் ஆபரேஷனும் மட்டும் பண்ணி விட்டு, வாசல்ல இல்லாம கொழந்தைங்க நடமாடாத எடமா பாத்து சோறு வெய்ங்க.

திருவிழா சமயம் பத்தி ஒரு வரி. நெம்மாறா வேலா திருவிழா, கல்பாத்தி தேரு, தீபாவளி, எதுவா இருந்தாலும் வெடிச்சத்தம் கேக்கறதுக்கு முன்னாடி நாய ரூமுக்குள்ள கொண்டு போயிடுங்க, சங்கிலில கட்டி வெளிய விடாதீங்க, பயத்துல அத்துக்கிட்டு ஓடற நாய் ரெண்டு ஊரு தள்ளி தான் நிக்கும். பட்டைல ஃபோன் நம்பர் எழுதின ஒரு தகடு தொங்கட்டும்.

ரோட்டுல நிறுத்தினா

கேரளா பக்கம் நகராட்சி ஹெல்த் இன்ஸ்பெக்டர், பஞ்சாயத்துன்னா செக்ரட்டரி பேர்ல நோட்டீஸ், தமிழ்நாடு பக்கம் சானிட்டரி இன்ஸ்பெக்டர், இவங்க தான் பெரும்பாலும் வருவாங்க. சத்தம் போடாதீங்க, நாய் உங்க கொரல பாத்து தான் அவர மொறைக்கும். நாய உக்கார வெச்சு லீஷ சுருக்கி பிடிச்சுட்டு, ஃபோன்ல இருக்கற லைசென்ஸும் ஊசி சர்டிஃபிகேட்டும் காட்டுங்க, பாதி பேரு அதோட விட்டுடுவாங்க. அபராதம்னு சொன்னா எந்த ரூல்ல, எவ்வளவுன்னு மரியாதையா கேளுங்க, "சாரே, ரசீது தரணும்"னு சொல்லுங்க. ரசீதுல ஆபீஸ் பேரு, சீரியல் நம்பர், என்ன குத்தம், எவ்வளவு தொகை இதெல்லாம் இருக்கணும். ரசீது இல்லாம பத்து ரூபா கூட குடுக்காதீங்க, யாரு கேட்டாலும். கைல காசு இல்லேன்னா நோட்டீஸ் வாங்கிட்டு ஆபீஸ்ல கட்டறேன்னு சொல்லலாம். தப்பு நம்ம மேல இருந்தா, அதாவது நாய கட்டாம தான் விட்டிருந்தோம்னா, வாக்குவாதம் பண்ணாம அபராதத்த கட்டிடுங்க, அந்த ரசீதோட முடிஞ்சது.

வீட்டுக்கு நோட்டீஸ் வந்தா அதுல எத்தனை நாள்ல பதில் குடுக்கணும்னு போட்டிருக்கும், அந்த நாளுக்குள்ள எழுத்துல குடுங்க. வாயில சொல்லிட்டு வந்தேன்றது கணக்குல வராது. ஒரு பக்கம் போதும், நாய் பேரு, லைசென்ஸ் நம்பர், ஊசி தேதி, அன்னைக்கு என்ன நடந்துச்சு, இப்ப என்ன பண்ணிருக்கோம், உதாரணத்துக்கு கேட்டுக்கு ஸ்பிரிங் போட்டாச்சுன்னா அதோட போட்டோ. காப்பில சீல் வாங்கிக்குங்க. பக்கத்து வீட்டுக்காரர் எழுதி குடுத்ததால வந்த நோட்டீஸா இருந்தா, ஆபீஸுக்கு போறதுக்கு முன்னாடி அவர் வீட்டுக்கு போங்க. ராத்திரி நாய் குலைக்கறது தான் அவரோட பிரச்சனையா இருக்கும், கம்ப்ளைன்ட்ல கட்டலேன்னு எழுதியிருப்பாரு.

ஃப்ளாட்டுல இருக்கறவங்களுக்கு வர்ற தொல்லை வேற மாதிரி, அசோசியேஷன் கூட்டம் போட்டு "இனிமே நாய் வளக்க கூடாது"ன்னு தீர்மானம் போடுவாங்க. செல்லாது. மிருக நல வாரியம் 2015லயே சொல்லிருக்குது, மெஜாரிட்டி ஓட்டு போட்டாலும் நாய் வளக்கறத தடை பண்ண முடியாது, லிஃப்ட்டுல ஏத்தக்கூடாதுன்னும் சொல்ல முடியாது. ஆனா பொது எடத்துல லீஷோட கூட்டிட்டு போங்கன்னு ஓனர்களுக்கும் அதுலயே சொல்லிருக்குது, அந்த பாதிய மறந்துட்டு மொத பாதிய மட்டும் சண்டைக்கு எடுத்துட்டு போகாதீங்க.

கடிச்சிடுச்சுன்னா

இங்க நாய், கேஸ், அபராதம் எல்லாத்தையும் ஒரு பக்கம் வெச்சிடுங்க. கடிபட்ட எடத்த ஓடற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவணும், கடிகாரம் பாத்து. மஞ்சள், சுண்ணாம்பு, மொளகாப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. அன்னைக்கே ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஊசி இருக்கும், ரத்தம் வர்ற அளவுக்கு கடின்னா அதோட இம்யூனோகுளோபுலின்னு இன்னொரு ஊசியும் போடணும், அது பெரிய ஆஸ்பத்திரில கேளுங்க. தோல்ல போடற ஊசின்னா 0, 3, 7, 28வது நாள்னு நாலு தடவை, ஒண்ணையும் விடக்கூடாது. "எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்குது, உங்களுக்கு வேண்டாம்"னு நீங்க சொல்லாதீங்க, அத டாக்டர் சொல்லணும். நீங்க பண்ண வேண்டியது, நாயோட ஊசி கார்ட எடுத்துட்டு கூடவே போறது, வண்டி செலவு மருந்து செலவ கேக்கறதுக்கு முன்னாடி குடுக்கறது. நாய 10 நாள் கட்டி வெச்சு பாக்கணும், சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா, நடை மாறுதான்னு, டாக்டருக்கு அந்த தகவல் வேணும். பயந்துட்டு நாய தோட்டத்துக்கு அனுப்பறது, ராத்திரியோட ராத்திரியா பார்டர் தாண்டி சொந்தக்காரங்க வீட்டுல விடறது, இது தான் இருக்கறதுலயே மோசம், கடிபட்டவருக்கு வைத்தியம் பாக்கறதுக்கும் கெடுதல், ஸ்டேஷன்ல உங்களுக்கும் கெடுதல்.

போலீஸ் கூப்பிட்டா போங்க. 291 ஜாமீன் கிடைக்கற பிரிவு தான், லைசென்ஸ், ஊசி கார்டு, ஆஸ்பத்திரில நீங்க கட்டின பில்லு எல்லாத்தோட காப்பியும் குடுங்க. சமாதானமா பேசி முடிக்கறதா இருந்தா எவ்வளவு குடுத்தோம், எதுக்கு குடுத்தோம்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க.

கடைசியா நாய கை மாத்தறது. ஊரு மாறறோம், ஃப்ளாட்டுக்கு போறோம்னு நாய பொள்ளாச்சில இருக்கற சித்தப்பாவுக்கு குடுத்துடுவாங்க, பேப்பர் எல்லாம் இங்க பீரோல கெடக்கும். லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கற வரைக்கும் அந்த நாய் பண்ற எல்லாத்துக்கும் உங்கள தான் தேடி வருவாங்க. இன்ன தேதில, இன்னாருக்கு, இந்த நாய குடுத்துட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, பஞ்சாயத்துல ஒரு காப்பி குடுத்து லைசென்ஸ ரத்து பண்ண சொல்லுங்க, ஊசி கார்டோட ஒரிஜினல நாயோடயே அனுப்புங்க. கார்ல கொண்டு போங்க, ரயில்னா ஃபர்ஸ்ட் ஏசி கூபே இல்லாட்டி கார்டு வேன்ல இருக்கற நாய்ப்பெட்டி, இந்த ரெண்டு தான், ஸ்லீப்பர்லயோ தேர்ட் ஏசிலயோ ஏத்த விட மாட்டாங்க.